வாசலில் இரண்டாவது நாற்காலி

பிப்ரவரி 9

டீச்சருக்கு வணக்கம்.

ரயில்வே பாலத்தைப் பாதி கட்டி அப்படியே விட்டுவிட்டுப் போன வருஷம். பெரிய ஆஸ்பத்திரிக்கு மூன்றாவது மாடி எழுப்பிய வருஷம். என் மகனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் கரண்டு போய், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமலே இரண்டு பக்கமும் சம்மதம் சொன்ன வருஷம். அந்த வருஷம்தான் நீங்கள் நாலு பேர் நூலகத்து மாடிக் கூடத்தில் முதல் தடவை கூடினீர்கள். நீங்கள், ரேடியோக்காரர், நர்ஸம்மா, பஸ் டிப்போ மெக்கானிக். சாவி என்னிடம் இருந்தது. சனிக்கிழமை திறந்துவிட முடியுமா என்று கேட்டது நீங்கள்தான்.

அன்று இருட்டில் சம்மதம் சொன்ன பெண்தான் இப்போது இதை எழுதுகிறாள். எனக்குக் கையெழுத்துப் போடக்கூட வராது என்பது உங்களுக்குத் தெரியும். போனில் பேசலாமே என்பீர்கள். போனில் எனக்கு இரைச்சல்தான் கேட்கிறது. நீங்களும் எடுப்பதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நூலகத்துக்குப் புது அதிகாரி வந்திருக்கிறார். நல்ல மனுஷன்தான், ஆனால் இடம் காலியாகக் கிடந்தால் அவருக்குத் தூக்கம் வராது. மாடிக் கூடத்தைப் பழைய அலமாரி போடுகிற இடமாக ஆக்கப் போகிறேன் என்கிறார். நம் கூட்டம் நடக்கிற இடம் ஐயா என்றேன். "யாருடைய கூட்டம்? ஆரம்பிச்சவங்க யாராவது மே முதல் சனிக்கிழமை நேர்ல வந்து நின்னு நடத்திக் காட்டட்டும். இல்லாட்டி அலமாரிதான்" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. போன தடவை வந்தவர்களை ஒரு பெஞ்சில் உட்கார வைத்திருக்கலாம். பெஞ்சில் இடம் மிச்சம் இருந்திருக்கும்.

ரேடியோக்காரரால் மாடி ஏற முடியாது. வீட்டுக்குள்ளேயே சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார். நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நர்ஸம்மாவும் மெக்கானிக்கும் போய்ச் சேர்ந்தது உங்களுக்குத் தெரியும். உங்களைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

ஊரில் யாருக்கு என்ன தொந்தரவோ, அதை ஒரே நாளில் எல்லோருமாக உட்கார்ந்து தீர்க்க ஒரு கருவி செய்துவிட்டு எழுந்திருக்க வேண்டும் என்று ஆரம்பித்தீர்கள். பலகையில் ஹேக்கத்தான் என்று பெரிதாக எழுதினீர்கள். நான் சனிக்கிழமைக் கூட்டம் என்பேன். என்ன பெயராக இருந்தாலும் அது அலமாரிக்குக் கீழே போகக் கூடாது.

ஒரு தடவை வந்துவிட்டுப் போங்கள்.

கதவுக்காரன்


பிப்ரவரி 21

அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. உங்கள் மருமகளுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

என்னால் வர முடியாது. காரணம் எழுதுகிறேன், வருத்தப்படாதீர்கள். இங்கே அக்கா படுத்த படுக்கையாக இருக்கிறாள். புரட்டிப் படுக்க வைக்க, சாப்பாடு ஊட்ட, துணி மாற்ற நான்தான். வீடு நாலாவது மாடி. லிஃப்ட் நினைத்த நாளில் வேலை செய்யும். காய்கறி வாங்கக் கீழே இறங்கினாலே திரும்பி ஏற வேண்டுமே என்று மலைப்பாக இருக்கிறது.

இது பாதிக் காரணம்தான். மீதியும் உங்களுக்குத் தெரியும்.

எத்தனை வருஷம் அந்த நாற்காலிகளை அடுக்கினேன், பிரித்தேன். வயர் போதாது என்று கடை கடையாக அலைந்தேன். "கூட்டத்துல ஆளை விட வயர்தான் ஜாஸ்தி" என்று மெக்கானிக் கிண்டல் பண்ணுவார். வருகிறேன் என்று சொன்னவர்கள் வரமாட்டார்கள். வந்தவர்கள் தங்களுக்குத் தெரிந்தவர்களோடு மட்டும் உட்காருவார்கள். தனியாக வந்த ஒருவரை ஏதாவது ஒரு குழுவோடு சேர்த்துவிடுவதற்குள் எனக்கு உயிர் போகும். இருந்தாலும் செய்தேன். தெரியாத ஒருவர் தயங்கித் தயங்கிப் படியேறி வந்து, சாயங்காலம் சத்தமாகச் சிரித்துக்கொண்டு இறங்கிப் போனால், அந்தச் சிரிப்பு எனக்கு அடுத்த கூட்டம் வரைக்கும் போதுமானதாக இருந்தது.

அந்தப் பை வைத்திருந்த பெண்ணோடு அது தீர்ந்துபோயிற்று.

ரேடியோக்காரர் போட்ட சட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். கடைசியாக யார் புதிதாக வந்தார்களோ அவர்தான் வாசலில் நிற்க வேண்டும். அடுத்த புது ஆள் வந்ததும் வாசலை அவரிடம் கொடுத்துவிட்டு உள்ளே வரலாம். "பயம் ஆறாத ஆளுக்குத்தான் பயந்துகிட்டு வர்றவங்களைத் தெரியும்" என்பார். நல்ல சட்டம் என்று நானும்தான் ஊரெல்லாம் பெருமை பேசினேன். அன்று காலை அவள் வந்தாள். வாசலை அவளிடம் கொடுத்தார்கள். கைகூடத் தட்டினார்கள். அவளுக்குப் பிறகு புதிதாக ஒருவரும் வரவில்லை. காலை முழுக்க, சாயங்காலம் வரைக்கும், அந்தப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றாள். உள்ளே நாங்கள் எல்லோரும் எதையெதையோ செய்து ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டிருந்தோம். நாற்காலி அடுக்கும்போதுதான் நான் கவனித்தேன். போறீங்களா என்று கேட்டேன். "பரவால்ல டீச்சர், எல்லாரும் மரியாதையாத்தான் நடத்துனாங்க" என்றாள்.

அந்த ஒரு வார்த்தை போதாதா?

ரேடியோக்காரரிடம் போய்ச் சொன்னேன். "அடுத்த ஆள் வந்திருந்தா அவங்க உள்ள வந்திருப்பாங்க. வராதது என் தப்பா?" என்று கேட்டார். எனக்குக் கண்மண் தெரியவில்லை. "நீங்க ரேடியோவைத்தான் திறந்து பாத்திருக்கீங்க. மனுஷனை ஒரு தடவையும் திறந்து பாத்ததில்ல" என்றேன். அப்புறம் அவர் பேசவில்லை, நானும் பேசவில்லை. தப்புதான் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் ஊரை விட்டே வந்திருக்கமாட்டேன்.

அலமாரி போடட்டும் அண்ணே. அலமாரி யாரையும் வாசலில் நிற்க வைக்காது.

டீச்சர்


மார்ச் 4

டீச்சருக்கு,

உங்கள் கடிதத்தை மருமகள் இரண்டு தடவை படித்துக் காட்டினாள். எனக்குக் கோபம்தான் வந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் ஊரை விட்டுப் போனபோது கூடத்தின் இன்னொரு சாவி உங்களிடம் இருந்தது. அதை என் கையில் கொடுக்காமல் எதிர் பேப்பர் கடையில் கொடுத்துவிட்டுப் போனீர்கள். கடைக்காரர் பேப்பரோடு சேர்த்து என்னிடம் நீட்டினார். சண்டை உங்கள் இருவருக்கும். நடுவில் நான் என்ன பண்ணினேன்? இத்தனை நாள் கேட்கவில்லை. இன்று கேட்டுவிட்டேன். போகட்டும்.

அந்தப் பெண்ணை நான் பைக்காரம்மா என்பேன். நீங்கள் அவளைச் சாயங்காலம்தான் பார்த்தீர்கள். நான் காலையிலிருந்து பார்த்தேன். மாடிப்படி முடிகிற இடத்தில் என் ஸ்டூல், பக்கத்தில் அவள். உட்காரும்மா என்று ஸ்டூலைத் தள்ளினேன். வாசல்ல நிக்கிறவங்க உட்காரலாமா என்று கேட்டாள். முதல் டீ வந்தபோது எனக்கு எடுத்துக் கொடுத்தாள், தனக்கு எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாவது டீ வந்தபோது பையைத் திறந்து காட்டினாள்.

அவள் பெரிய ஆஸ்பத்திரியில் சலவைக்கூடத்தில் வேலை. வார்டிலிருந்து போர்வையும் விரிப்பும் மூட்டை மூட்டையாக வரும். வயசானவர்கள் கழற்றி வைத்த காது மிஷின், கண்ணாடி, கம்பி வைத்த பல்செட் எல்லாம் விரிப்போடு சுருண்டு வந்து மிஷினுக்குள் போய்விடும். வெளியே வரும்போது எதற்கும் உதவாது. பை நிறைய அதுதான் இருந்தது. யாரும் கேட்டு வராதவை. ஒரு காது மிஷினை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "இது இல்லாம அந்த ஆள் என்ன கேட்டிருப்பாரு, சொல்லுங்க பெரியவரே" என்றாள். மூட்டை மிஷினுக்குள் போவதற்கு முன்னாலேயே சத்தம் போட்டுச் சொல்கிற மாதிரி ஏதாவது செய்ய முடியுமா, அதைக் கேட்கத்தான் லீவு போட்டு வந்திருக்கிறாள்.

எனக்கும் அந்த மாதிரி ஒரு காது மிஷின் மாட்டியிருந்தால் உங்களோடு போனிலேயே சண்டை போட்டிருப்பேன்.

அதற்குப் பிறகு நடந்ததும் எனக்குத் தெரியும் டீச்சர். ஆனால் சொல்லக் கூடாது என்று ஒருவர் என் வாயைக் கட்டியிருக்கிறார். அவர் உயிரோடு இருக்கிறவரைக்கும் நான் திறக்கமாட்டேன்.

அக்காவுக்கு முதுகில் புண் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். என் சம்சாரத்துக்கு அப்படித்தான் ஆரம்பித்தது.

கதவுக்காரன்


மார்ச் 15

அண்ணனுக்கு,

சாவியைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. உங்கள் முகத்தைப் பார்த்தால் போக மனசு வராது என்றுதான் கடையில் கொடுத்தேன். அது உங்களுக்கு அவமானமாகப் படும் என்று அன்று தோன்றவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

மற்றபடி, இந்தப் பூடகப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. சொல்வதென்றால் சொல்லுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். நானும் சும்மா இருக்கவில்லை. பழைய ஆட்களில் ஒருவரிடம் விசாரித்தேன். இப்போதும் புதிதாக வருகிறவரை வாசலில்தான் உட்கார வைக்கிறார்களாமே! அப்புறம் என்ன மாறிவிட்டது? ரேடியோக்காரர் தன் சட்டத்தைக் கட்டிக்கொண்டு இருக்கட்டும்.

அக்காவுக்கு இந்த வாரம் சாப்பாடு இறங்கவில்லை. எனக்கும் கை ஓய்ந்து வருகிறது. ராத்திரி படுத்தால் கூடத்தின் நாற்காலிகளை அடுக்குகிற மாதிரியே கனவு வருகிறது. அடுக்கி முடிப்பதற்குள் விடிந்துவிடுகிறது.

அவருக்கு மூச்சு எப்படி இருக்கிறது? அவர் வீட்டம்மா தனியாகவா பார்த்துக்கொள்கிறார்? கேட்டேன் என்று சொல்ல வேண்டாம்.

டீச்சர்


ஏப்ரல் 6

டீச்சருக்கு,

செய்தி உங்களுக்கு வந்திருக்கும். வந்த அன்றே மருமகள் உங்கள் எண்ணுக்கு மெசேஜ் போட்டாள். பார்த்ததாகக் காட்டியது, பதில் வரவில்லை. நாங்கள் எதிர்பார்க்கவும் இல்லை.

கஷ்டப்படாமல் போனார். காலையில் வீட்டம்மா காபி கொண்டுபோனபோது, நாற்காலியில் உட்கார்ந்தபடியே, மடியில் ஒரு பழைய ரேடியோ பின்பக்கம் திறந்தபடி. திறந்து பார்ப்பதை அவர் விடவே இல்லை. இதை நான் குத்திக்காட்டச் சொல்லவில்லை.

இப்போது என் வாய்க்கட்டு அவிழ்ந்துவிட்டது.

நீங்கள் அவரிடம் அந்த வார்த்தை சொன்ன அடுத்த வாரம் அவர் என் வீட்டுக்கு வந்தார். "பெரியவரே, அந்தப் பையோட வந்தாங்களே, அவங்க எங்க வேலை செய்யறாங்கன்னு உங்களுக்குத்தான் தெரியும். கூட்டிட்டுப் போங்க" என்றார். ஆஸ்பத்திரியின் பின்பக்கம் சலவைக்கூடம். சூடு, ஈரம், சோப்பு நெடி. பைக்காரம்மா இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு விரிப்பு உதறிக்கொண்டிருந்தாள். இவரைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள். இவர், அன்னிக்கு நடந்தது தப்புங்க என்று ஆரம்பித்தார். அவள் முழுதாகச் சொல்லவிடவில்லை.

"சரி சார். எங்க இடத்துலயும் புதுசா வர்றவங்க வாசல்லதான் நிக்கணும்" என்றாள்.

சிரித்துக்கொண்டு சொன்னாளா, சிரிக்காமல் சொன்னாளா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. இவர் வாசலில் போய் நின்றார். துணி வண்டி வரும், கதவைத் திறந்து பிடிப்பார். போகும், மூடுவார். தள்ளிக்கொண்டு வருகிறவர்கள் எல்லோரும் நன்றி சார், நன்றி சார் என்றார்கள். ஒருவர் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். உள்ளே கேலியும் பேச்சுமாக வேலை நடந்துகொண்டிருந்தது, இவருக்குப் பாதிதான் கேட்டது. நான் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் நான் போதும் வாங்க என்றேன். மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டார். வேலை முடிகிற மணி அடிக்கிறவரைக்கும் நின்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே வந்தார். அப்புறம் சொன்னார்: "ஒருத்தரும் ஒரு குறையும் வைக்கல பெரியவரே. அதான் தாங்க முடியல."

அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவர் அங்கே போக ஆரம்பித்தார். துணி மூட்டை போகிற வழியில் ஒரு வளையம் மாதிரி கட்டினார். மூட்டைக்குள் உலோகம் இருந்தால் விளக்கு எரிந்து சத்தம் வர வேண்டும். முதல் நாள் எல்லா மூட்டைக்கும் கத்தியது. வண்டியே இரும்பு. இத்தனை வருஷம் ரேடியோ பார்த்த மனுஷன் தலையில் அடித்துக்கொண்டார். பைக்காரம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் இரண்டு பேருமாக மூட்டையை வண்டியிலிருந்து இறக்கி மரப்பலகைமேல் தள்ளுகிற மாதிரி மாற்றினார்கள். கம்பி இல்லாத பல்செட்டை அது இன்னும் விட்டுவிடுகிறது. காது மிஷினை விடுவதில்லை. இன்றைக்கும் ஓடுகிறது.

இதை டீச்சரிடம் சொல்லுங்கள் என்று எத்தனையோ தடவை கெஞ்சினேன். "நல்லவன்னு சர்ட்டிபிகேட் காட்டற மாதிரி இருக்கும். அவங்க சொன்னது சரிதான். சரியாச் சொன்னவங்ககிட்ட போய் என்னத்த சொல்றது? நான் இருக்கறவரைக்கும் நீங்களும் சொல்லாதீங்க" என்றார். வீம்பா வெட்கமா தெரியவில்லை. இரண்டும் இருந்திருக்கும்.

வாசலில் உட்கார வைக்கிறார்களாமே என்று கேட்டிருந்தீர்கள். உங்களுக்குச் சொன்னவர் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். அந்தச் சலவைக்கூடத்து நாளுக்குப் பிறகு வாசலில் இரண்டு நாற்காலி போட்டார். ஒன்று புதிதாக வந்தவருக்கு. இன்னொன்று எல்லோரிலும் பழைய ஆளுக்கு. முதல் டீ வந்ததும் பழைய ஆள் புது ஆளைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய், எந்தக் குழுவில் சிரிப்புச் சத்தம் கேட்கிறதோ அதில் உட்கார வைத்துவிட்டு, தான் மட்டும் திரும்பி வந்து வாசலில் உட்கார வேண்டும். அந்தப் பழைய ஆள் நாற்காலியில் அவர்தான் உட்கார்ந்தார், மாடி ஏற முடிகிறவரைக்கும். உள்ளே போய் ஒரு கம்பியைக்கூடத் தொட்டதில்லை. அவருக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று உங்களுக்குத் தெரியாதா?

அலமாரிகள் கீழே வராந்தாவில் வந்து இறங்கிவிட்டன.

கதவுக்காரன்


ஏப்ரல் 17

அண்ணனுக்கு,

இந்தக் கடிதத்தை எத்தனையோ முறை ஆரம்பித்துக் கிழித்துப் போட்டேன்.

உங்கள் மேல் கோபம். அவர்மேல் அதைவிட. ஒரு வார்த்தை, ஒரு போன், அந்தப் பெண் மூலமாக ஒரு துண்டுச் சீட்டு, எதுவும் முடியவில்லையா இந்த மனுஷனால்? ஒரு நாள் முழுக்க வாசலில் நிற்க முடிந்தது. என் வீட்டு எண்ணைச் சுற்ற முடியவில்லை. நான் மட்டும் என்ன கிழித்துவிட்டேன்? அவர் சொல்லட்டும் என்று நாலு வருஷம் இங்கே உட்கார்ந்திருந்தேன். நான் அவரை வாசலிலேயே நிற்க வைத்திருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது. அழுகை வரவில்லை அண்ணே. களைப்பாக இருக்கிறது.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்கு இப்போது பேச்சு குறைவு. முழுதும் கேட்டுவிட்டு, "போய்ட்டு வா. நான் எங்கயும் ஓடிப்போக மாட்டேன்" என்றாள். இந்த நிலைமையிலும் கிண்டல். மே முதல் சனிக்கிழமைக்கு எங்கள் கூடப்பிறந்த அண்ணனின் மகள் வந்து இரண்டு நாள் அவளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள்.

வருகிறேன். ஆனால் பழையபடி ஓடியாட என்னால் முடியாது. நாற்காலி அடுக்க முடியாது, வயருக்கு அலைய முடியாது. எத்தனை பேர் வருவார்கள் என்று எண்ணிப் பார்த்து மனசு ஒடிவதற்கும் தெம்பில்லை. மாலை கீலை எதுவும் வேண்டாம். அந்த அதிகாரி முன்னால் நிற்கிறேன், அவ்வளவுதான். அந்தப் பெண் வருவாளா? அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

இன்னொன்று. வாசலில் அந்த இரண்டாவது நாற்காலியில் நீங்களே உட்காரலாமே. நம் எல்லோரையும்விட அந்தக் கட்டடத்தில் பழைய ஆள் நீங்கள்தானே.

டீச்சர்


ஏப்ரல் 25

டீச்சருக்கு,

நீங்கள் வருகிறீர்கள் என்று அதிகாரியிடம் சொன்னேன். "பாக்கலாம்" என்றார். அலமாரிகளை மாடிக்கு ஏற்றச் சொல்லவில்லை. வராந்தாவிலேயே நிற்கின்றன, நாங்கள் இடித்துக்கொண்டு நடக்கிறோம். அன்றைக்குக் கூடத்தைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வாராம்.

மாலை இல்லை. வயரெல்லாம் ரேடியோக்காரர் வீட்டம்மா ஒரு பெட்டி நிறைய அனுப்பியிருக்கிறார். அவர் கடையில் இருந்தவை. நாற்காலி அடுக்க பைக்காரம்மா சலவைக்கூடத்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றிருக்கிறாள். உங்கள் கூச்சத்தைப் பற்றி அவளிடம் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன். "டீச்சர் ஒருத்தங்கதான் அன்னிக்கு என்கிட்ட போறீங்களான்னு கேட்டாங்க" என்றாள்.

எத்தனை பேர் வருவார்கள் என்று எனக்குத் தெரியாது. பயந்துகொண்டு படியேறுகிறவர் ஒருவராவது வருவார். செருப்புச் சத்தம் பாதிப்படியில் நின்று, யோசித்து, மறுபடி கேட்கும். காது மந்தமானாலும் அந்தச் சத்தம் மட்டும் எனக்குத் தப்புவதில்லை.

நாற்காலியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் உட்கார முடியாது டீச்சர். கட்டடத்துக்குத்தான் நான் பழைய ஆள். கூட்டத்துக்கு இல்லை. முதல் தடவை நான் கூடத்தைத் திறந்துவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டேன். மேலே என்ன சிரிப்பு என்று பார்க்க நான் படியேறி வந்தது அதற்கடுத்த தடவை. அந்த முதல் தடவை உள்ளே உட்கார்ந்தது நாலே பேர். நர்ஸம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார்களாம், ஆஸ்பத்திரி மூன்றாம் மாடி திறந்த மறுவருஷம் போய்விட்டார்கள். மெக்கானிக், டிப்போவில் பஸ் எல்லாவற்றுக்கும் புது வர்ணம் அடித்த வருஷம், வேலைக்குப் போன இடத்திலேயே சாய்ந்தார். ரேடியோக்காரர் இதோ இந்தப் பங்குனியில். இரண்டாவது நாற்காலியைத் துடைத்து வைத்திருக்கிறேன். அதில் உட்கார வேண்டிய நாலு பேரில் இப்போது உயிரோடு இருப்பது நீங்கள் ஒருவர்தான், டீச்சர்.

கதவுக்காரன்